திரும்பிப் பார்க்கும் மயில் தட்டு

ஐந்து திரைகளையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். என் பெரிய மானிட்டர், மடிக்கணினி, என் போன், தம்பியின் டேப்லெட், மூலையில் விரிசல் விட்ட அம்மாவின் பழைய போன். ஐந்திலும் அந்த வலைத்தளம் ஒழுங்காகத் திறந்தது. படங்கள் திரையின் அகலத்துக்குள் அடங்கின. எழுத்து கண்ணை உறுத்தவில்லை. பெருவிரல் எட்டும் இடத்தில் பொத்தான் இருந்தது. சரிபார்க்க வேண்டியவை என்று நான் எழுதி வைத்திருந்த எல்லாவற்றுக்கும் எதிரே டிக் விழுந்துவிட்டது. ஆர்டர் மட்டும் வரவில்லை.

ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கணினி படித்துவிட்டு, சென்னைக்கும் பெங்களூருக்கும் போகாமல், தல்லாகுளத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தபடி சிறு கடைகளுக்கு வலைத்தளம் செய்து கொடுக்கிறேன். ஒன்று வேலை செய்யவில்லை என்றால் காரணம் எங்கோ ஒரு வரியில் ஒளிந்திருக்கும், பொறுமையாகத் தேடினால் அகப்படும். அதுவரை அப்படித்தான் இருந்தது.

அந்தத் தளம் தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் சீர்த்தட்டு அலங்கரித்துக் கொடுக்கும் அக்காவுக்காகச் செய்தது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் தாய்மாமன் வீட்டிலிருந்து தட்டுத் தட்டாகச் சீர் வரும். அந்தத் தட்டுகளை அழகாக்குவது அக்காவின் தொழில். முந்திரியால் தேர் கட்டுவார். வளையலை அடுக்கிக் கோபுரம் ஆக்குவார். பட்டுச்சேலையை மயிலாக மடிப்பார். அக்கா பழைய நகரத்து முஸ்லிம் குடும்பம். வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள். எந்தத் தட்டு முன்னால் போகும், எது பின்னால் போகும் என்பதில் அவர்கள் வீட்டுக்குள் சண்டை வந்தால் அக்காவிடம்தான் போன் போட்டுக் கேட்பார்கள்.

அவருடைய மயிலுக்கு ஓர் அடையாளம் உண்டு. அது கழுத்தைத் திருப்பித் தன் தோகையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"ஒருக்கா தட்டு சின்னதாப் போச்சு. கழுத்து வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சு, மடக்கி விட்டேன். அதுலருந்து எல்லாரும் அந்த மயிலத்தான் கேக்குறாங்க" என்றார் அக்கா.

கட்டடம் கூட்டுக் குடும்பத்துச் சொத்து. சாலையைப் பார்த்த முன்பக்கம் அக்காவின் கொழுந்தனார் நடத்தும் சூட்கேஸ் கடை. பின்னால், சந்தைப் பார்த்துக் கதவு வைத்த அறை அக்காவுடையது. சந்துக்குள் கார் வராது. முன்பெல்லாம் பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தவர்கள் இப்போது காரில் வருகிறார்கள், நிறுத்த இடமில்லாமல் அப்படியே போய்விடுகிறார்கள். ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது. கொழுந்தனார் அந்த அறையைச் சரக்கு வைக்கக் கேட்டார். வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆவணி முகூர்த்தங்கள் முடியும்வரை பார்ப்பது. ஆர்டர் வந்தால் அறை அக்காவுக்கு. வராவிட்டால் தீபாவளிச் சூட்கேஸ்களுக்கு. அக்காவின் கணவர் இரண்டு பக்கமும் பேசவில்லை. ஆர்டர் வரவழைக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் நான் அளவெடுக்கிற ஆள்போல அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கொழுந்தனார் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, கார் வராத சந்துக்குள்ள கரண்டு கம்பி வழியா ஆளு வந்துருமா?"

"ஒங்க சூட்கேஸுக்குச் சக்கரம் இருக்குல்ல, அதாட்டம் இதுவும் தானா உருண்டு வரும்" என்றார் அக்கா, பசைத் துப்பாக்கியைக் கீழே வைக்காமலே.

"உருண்டு வந்தாச் சந்தோசந்தான் மதினி."

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். படத்தை எவனும் எடுக்கக் கூடாது. அடுத்த தெருவில் இதே தொழில் செய்யும் ஒருவர், அக்கா செய்த தேரைப் படம் பிடித்துத் தன் கடைப் பலகையில் போட்டிருந்தாராம். நியாயமான கோரிக்கை என்று எனக்குத் தோன்றியது. படத்தை அழுத்திப் பிடித்தால் சேமிக்க முடியாதபடி செய்தேன். பகிரும் பொத்தானை எடுத்துவிட்டேன். போன் திரை சிறியது என்பதால், கீழே நகர்த்தியதும் கடைப்பெயர் உள்ள மேல்பட்டை மறைந்து, மயில் திரை முழுக்க நிற்கும்படி வைத்தேன். விலையும் தொலைபேசி எண்ணும் 'மேலும் அறிய' என்ற பொத்தானுக்கு அடியில். பார்க்கச் சுத்தமாக இருந்தது. அக்கா தன் போனில் விரலால் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்து, "மாஷா அல்லாஹ், நெசக் கடையவிடப் பெருசா இருக்கு புள்ள" என்றார்.

தளத்துக்கு ஆட்கள் வந்தார்கள். அதுதான் குழப்பத்தின் ஆரம்பம். யாருமே வரவில்லை என்றால் விளம்பரம் போதவில்லை என்று விட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில், கொத்தாக வந்தார்கள். நேரே மயில் தட்டுக்குப் போனார்கள். அதில் வெகுநேரம் நின்றார்கள். பிறகு போய்விட்டார்கள். ஆர்டர் படிவத்தை யாரும் தொடவில்லை. ஒரே ஒரு பெண் போன் செய்தார். அக்கா அதை ஸ்பீக்கரில் போட்டு எனக்கும் கேட்கவைத்தார்.

"அக்கா, தட்டெல்லாம் நல்லாருக்கு. மாமாட்ட கேட்டுச் சொல்றோம்."

அதன்பின் அந்தப் பெண்ணிடமிருந்து போன் வரவில்லை.

"மாமாட்ட கேட்டுச் சொல்றோம்னா, வேணாங்குறதுக்கு மரியாதையான பேரு" என்றார் அக்கா.

நான் ஒவ்வொன்றாக மாற்றினேன். பொத்தானின் நிறம். படிவத்தின் நீளம். வயல்வெளியில் சிக்னல் மெதுவாக இருக்குமே என்று படங்களின் கோப்பு அளவு. ஒரு விடியற்காலை அக்காவோடு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போனபோது, நெரிசலில் திறக்கிறதா என்று அங்கேயும் சோதித்தேன். மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துப் பூ வியாபாரி, "என்ன பாப்பா, போட்டோ எடுத்தா மல்லி வாடாம இருக்குமா?" என்றார். அவர் போனையும் வாங்கித் திறந்து பார்த்தேன். அதிலும் ஒழுங்காகத் திறந்தது. எங்காவது ஒரு போனிலாவது உடைந்து கிடந்திருக்கக் கூடாதா என்று அன்று ஏமாற்றமாக இருந்தது.

திரும்பி வந்தபோது அறையின் மூலையில் சில சூட்கேஸ்கள் நின்றன. "சும்மா ரெண்டு நாளைக்கு" என்று கொழுந்தனார் வைத்துவிட்டுப் போயிருந்தார். அக்கா அவற்றின் மேல் ஒரு பழைய துணியைப் போட்டு மூடினார்.

அந்த வாரம் என் கல்லூரித் தோழியின் அக்கா பிள்ளைகளுக்குக் காதுகுத்து. திருமங்கலத்தைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் ஒரு மண்டபம். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறிப் போனேன். சாப்பிட்டுவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்ற எண்ணம்தான். மேளச் சத்தம் கேட்டு எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். தோழியின் வீட்டில் ஆண்பிள்ளை இல்லாததால், திருப்பூரில் தொழில் செய்யும் அவள் அம்மாவின் தம்பிதான் தாய்மாமனாகச் சீர் கொண்டு வருகிறார். குட்டியானை வண்டியிலிருந்து பெண்கள் தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கித் தூக்கிக்கொண்டு வரிசை கட்டினார்கள்.

நான்காவதோ ஐந்தாவதோ தட்டில் ஒரு மயில் வந்தது. பச்சைப் பட்டு. கழுத்தைத் திருப்பித் தன் தோகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அல்லது பார்க்க முயன்றது. கழுத்து பாதியிலேயே தொங்கிவிட்டது. கண்ணுக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தார்கள்.

"கோழிக்குத் தோகை வச்ச மாதிரி இல்ல?" என்று என் தோழி காதோரம் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படியோ திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். என் பூட்டை யாரோ உடைத்திருக்கிறார்கள். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த தோழியின் அம்மாவைப் பிடித்து, அந்தத் தட்டு எங்கே செய்தது என்று கேட்டேன்.

"இங்க பஸ் ஸ்டாண்டு பக்கந்தான் ஒரு கடையில. இந்தா, இந்தப் படத்தக் காட்டி இதே மாதிரி வேணும்னோம். அவங்களுக்கு வந்தது இம்புட்டுத்தான்."

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுப் போனை நீட்டினார். அக்காவின் மயில். திரையை அப்படியே படம் பிடித்திருந்தார்கள். மேலே யாருடைய போனோ அதன் கடிகாரமும் பேட்டரி அளவும். நடுவில் நான் முழுத்திரைக்கு விரித்து வைத்த மயில். அடியில் என் பொத்தான், பாதியாக வெட்டுப்பட்டு, 'மேலும்' என்கிற எழுத்துகளின் தலை மட்டும் தெரிந்தது. கடைப்பெயர் இல்லை. எண் இல்லை.

"இது எங்கருந்து கிடைச்சதும்மா?"

"என் தம்பி சம்சாரத்தோட தங்கச்சி குரூப்புல போட்டுச்சு. அதுக்கு யாரு குடுத்தாகளோ. அம்புட்டுப் பேரும் இந்தக் கடையிலதான் செய்யணும்னு நின்னாக. பேரும் இல்ல, நம்பரும் இல்ல. எங்க போயித் தேடச் சொல்ற? அதான் பக்கத்துலயே குடுத்துட்டோம்."

அவர் சாம்பார் வாளியோடு போய்விட்டார். தோழி அந்தக் குரூப்பை மேலே தள்ளிக் காட்டினாள். அந்த மயில் அங்கே பலமுறை வந்து போயிருந்தது. ஒருவர் கழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். ஒருவர் இதைவிடத் தேர் நல்லாயிருக்கும் என்று எழுதி, மூன்று பேரிடம் திட்டு வாங்கியிருந்தார். கடைசியில் தாய்மாமனின் குரல் பதிவு: "மயிலே இருக்கட்டும். நீலம் வேணாம், பச்சை போடச் சொல்லு."

"எங்க மாமா சொன்னாத்தான் எங்க வீட்டுக் கொழம்புல உப்பே போடுவாங்க" என்றாள் தோழி.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பழக்கத்தில் மனதுக்குள் ஒரு பட்டியலை ஆரம்பித்தேன். முதலில் தளத்தைப் பார்த்தவர் யாரோ ஒரு பெண். படத்தைப் பரப்பியது இன்னொருத்தி. வேண்டும் என்றது வீட்டுப் பெண்கள். நிறத்தை முடிவு செய்தது திருப்பூரில் இருக்கும் மாமா. கடைக்குப் போனது தோழியின் அம்மா. இதில் வாடிக்கையாளர் யார்? அவர் கையில் இருப்பது எந்தப் போன்? ஐந்து திரைகளையும் ஐந்து வாடிக்கையாளர்கள் என்று நினைத்துச் சோதித்திருந்தேன். இங்கே ஐந்தாறு திரைகளும் சேர்ந்து ஒரே வாடிக்கையாளராக இருந்தன. அப்படியான ஒருவருக்கு எப்படிப் பக்கம் அமைப்பது என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கப்பலூர் வந்தபோது பட்டியலைப் பாதியில் விட்டுவிட்டேன்.

மறுநாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோழி அனுப்பிய படத்தையும் காட்டினேன். அந்தப் பச்சை மயிலின் படத்தைத்தான் அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"பாவம், கழுத்துக்குள்ள கம்பி குடுக்கல" என்றார். பிறகு, "களவாணி வருவான்னு, வீட்டாளுங்கள வெளிய நிறுத்திப் பூட்டிருக்கோமா புள்ள?"

"அப்படித்தான் தெரியுதுக்கா."

"அதுக்காகத் தொறந்து போடவா? நாளைக்கே அடுத்த தெருக்காரன் எம்மயில அவன் போர்டுல ஏத்துவான்."

இரண்டுமே உண்மை. பூட்டினாலும் நட்டம், திறந்தாலும் பயம். படத்தின் குறுக்கே கடைப்பெயரை மங்கலாக எழுதிவிடலாமா என்றேன்.

"மயில் மூஞ்சில எம்பேர எழுதுனா, அது சீர்த்தட்டா ரேஷன் கார்டா?"

படத்துக்கு அடியில் எழுதலாம் என்றேன். அதையும் செய்து பார்த்தேன். அம்மாவின் போனில் பெயர் தெரிந்தது. என் போனில் பாதி தெரிந்தது. டேப்லெட்டில் படத்துக்கும் பெயருக்கும் இடையே ஒரு தெருவே போனது. அதோடு, குரூப்பில் போடுகிறவர்கள் ஓரங்களை வெட்டிவிட்டுத்தான் போடுகிறார்கள். எந்தத் திரை எங்கே வெட்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்று மதியம் முழுக்க அக்காவின் அறையில் உட்கார்ந்து அளவுகளை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

அக்கா பக்கத்தில் ஒரு மயிலை மடித்துக்கொண்டிருந்தார். கழுத்தைத் திருப்பி, உள்ளே கம்பி கொடுத்து, ஊசி குத்தினார். ஊசி தெரியாமல் இருக்க அதன்மேல் ஓர் அகலமான ரிப்பனைச் சுற்றினார். வழக்கமாகச் செய்வதுதான். நான் அதுவரை அந்த ரிப்பனைக் கவனித்ததே இல்லை.

"அக்கா, அந்த ரிப்பன்ல பேரும் நம்பரும் எழுத முடியுமா?"

"எதுக்கு?"

"கழுத்த வெட்டி யாரும் படம் அனுப்ப மாட்டாங்கல்ல."

அக்கா வாயில் கவ்வியிருந்த அடுத்த ஊசியை எடுத்தார். மருதாணிக் கோன் போலவே தங்க நிறத்தில் ஒரு கோன் அவரிடம் இருந்தது, ஆரத்தித் தட்டுக்குக் கோலம் போட வைத்திருப்பது. அதை எடுத்து, ரிப்பனில் சின்னச் சின்ன எழுத்தாகக் கடையின் பெயரை எழுதினார், கீழே எண்ணை. நகையில் பெயர் பொறித்ததுபோல இருந்தது. தேருக்குக் கொடியில். வளையல் கோபுரத்துக்கு அடிப்பட்டையில். வெளிச்சம் இருக்கும்வரை எல்லாத் தட்டுகளையும் மறுபடி செய்து, மறுபடி படம் எடுத்தோம். நான் பூட்டுகளைக் கழற்றினேன். மிகச் சிறிய திரையிலும் மயிலும் விலையும் ஒரே பார்வைக்குள் வரும்படி படத்தைக் குறுக்கினேன். பகிரும் பொத்தானைப் பெரிதாக வைத்தேன். இதெல்லாம் சரியா என்று தெரியாமலே செய்த வேலை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் குழப்பம். தளத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். நான் பயந்துபோனேன். ஆனால் அக்காவின் போன் அடிக்கத் தொடங்கியது. தேனியிலிருந்து, உசிலம்பட்டியிலிருந்து, நாங்கள் பெயரே கேள்விப்படாத ஊர்களிலிருந்து. வெப்சைட்டில் பார்த்தீர்களா என்று அக்கா கேட்டால், "வெப்சைட்டா? அதெல்லாம் பாக்கலைங்க, படம் வந்துச்சு" என்றார்கள். எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

ஆவணியின் கடைசி முகூர்த்தம் நெருங்கிய ஒரு முற்பகல், கொழுந்தனார் இஞ்சி டேப்போடு உள்ளே வந்தார். சுவரில் அலமாரி அடிக்க நீளம் பிடித்தார். அக்கா இரண்டு கையிலும் பசையோடு ஒரு மயிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான் மதினி. ஏம்மா, நீயே சொல்லு. வெப்சைட்டுல எத்தன ஆர்டரு வந்துச்சு?"

"ஒன்னுகூட இல்லண்ணே."

அக்கா என்னை முறைத்தார். ஆனால் அதுதான் உண்மை. படிவம் அன்றுவரை காலியாகத்தான் கிடந்தது.

"போன்ல வந்துருக்குண்ணே" என்றேன்.

"போன்ல வந்தா அது போனுக்கு வந்தது. வெப்சைட்டுக்கு எப்படிச் சேரும்?"

அதே கேள்வி என்னிடமும் இருந்தது. அதற்குள் அக்காவின் போன் அடித்தது.

"கையெல்லாம் பசையா இருக்கு, நீங்க எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார் அக்கா.

கொழுந்தனார் டேப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்தார். "ஹலோ, யாரு?"

"நான் மாமா பேசுறேன்" என்றது கனமான குரல்.

"எந்த மாமா?"

"பிள்ளைகளுக்கு மாமாங்க. படம் பாத்தேன். மயில் கழுத்துல இந்த நம்பரு இருந்துச்சு. அந்த மயிலு பச்சையில கிடைக்குமா?"

கொழுந்தனார் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டினார்.

"கிடைக்குமாம்."

"மத்த தட்டெல்லாம் சேத்து எடுத்துக்குறோம். நேர்ல வந்து பேசிறலாம்னு பாக்குறோம். ஐப்பசியிலதான் காதுகுத்து வச்சிருக்கோம். கார் உள்ள வருமா?"

அக்கா மயிலின் கழுத்தைப் பிடித்தபடியே இருந்தார்.

"சந்துக்குள்ள வராதுங்க" என்றார் கொழுந்தனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ரோட்டு மேலயே சூட்கேஸ் கடை இருக்கு பாருங்க, அதுக்கு முன்னாடி நிறுத்துங்க. நம்ம கடைதான். நானே கூட்டியாரேன்."

போனை வைத்ததும் அவர் தன் கையிலிருந்த டேப்பை யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

"ஐப்பசிக்குமா ஆர்டர் பிடிக்கிறீங்க?" என்று அக்காவைக் கேட்டார்.

"பிடிச்சது நீங்க."

"அப்பத் தீபாவளிச் சரக்க எங்க வைக்கிறது?"

"மாடி என்னத்துக்கு இருக்கு?"

அவர் முனகிக்கொண்டே மூலைக்குப் போய், துணியை விலக்கி, சூட்கேஸ்களைச் சக்கரத்தில் இழுத்துக்கொண்டு வெளியே போனார். அவை சந்தின் கல்லில் தடதடவென்று உருளும் சத்தம் முன்பக்கம்வரை கேட்டது. அக்கா அப்போதுதான் கையிலிருந்த மயிலைத் தட்டில் வைத்தார்.

அந்த மாதக் கடைசியில் அக்காவுக்குத் தர வேண்டிய அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தளத்தின் வழியாக வந்த ஆர்டர்கள் என்று ஒரு கட்டம். அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்படியே அக்காவிடம் கொண்டுபோனேன். அந்தக் கனத்த குரல்காரர், ஆரம்பத்தில் 'மாமாட்ட கேட்டுச் சொல்றோம்' என்று சொல்லிவிட்டுப் போன பெண்ணின் மாமாவாக இருப்பாரோ என்றும் கேட்டேன். அப்படியென்றால் அதைத் தளத்தின் கணக்கில் எழுதலாமே.

அக்கா ரிப்பனை வெட்டிக்கொண்டே, "இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்" என்றார். "எந்த வீட்ல மாமா இல்ல, புள்ள?"